ஸ்மார்ட் கிளாஸ் ஜன்னல்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

2019 ஜூனில் எங்கள் திருவான்மியூர் வீட்டில் இரண்டு ஜன்னல்களுக்கு ஸ்மார்ட் கிளாஸ் போட்டோம்: சுவிட்ச் போட்டால் தெளியும், அணைத்தால் பால் மாதிரி வெளுத்து மறைக்கும் கண்ணாடி. கடற்கரை நடந்துபோகும் தூரம்தான். உப்புக் காற்றில் இரும்பு எதுவும் தாங்காத தெரு. அம்மா அப்போதே படுக்கையில்தான். உடம்பு துடைத்துவிடும்போது எதிர்மாடியிலிருந்து யார் பார்வையும் படக்கூடாது. மற்ற நேரமெல்லாம் வாசல் வேப்பமரம் அவர் கண்ணில் பட வேண்டும். திரைச்சீலை போட்டால் அதில் சேரும் தூசியே அவருக்கு இழுப்பைக் கொண்டுவந்துவிடும். அதோடு, திரையை விலக்க ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும். சுவிட்ச் என்றால் கட்டில் ஓரத்திலேயே வைத்துவிடலாம்.

அம்மா அறைக்கு லேமினேட்டட் கிளாஸ் போட்டோம்: இரண்டு 5 மி.மீ. டஃப்பன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி, நடுவில் மின்சாரத்தில் தெளியும் பிடிஎல்சி ஃபிலிம். என் வேலை அறைக்குப் பணத்தை மிச்சப்படுத்த, இருந்த கண்ணாடியின் உள்பக்கம் அதே வகை ஃபிலிமை ஒட்டச் சொன்னேன். கடை ஒன்று, கடற்காற்று ஒன்று, போட்ட வாரமும் ஒன்று. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிறது.

ஃபிலிமுக்குள் பாலிமரில் கண்ணுக்குத் தெரியாத திரவப்படிகத் துளிகள் சிதறிக் கிடக்கின்றன. மின்சாரம் இல்லாதபோது அவற்றின் மூலக்கூறுகள் ஆளுக்கொரு திசை பார்க்கும். ஒளி சிதறி, கண்ணாடி பால் மாதிரி வெளுத்திருக்கும். ஏசி மின்சாரம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்கும், கண்ணாடி தெளிந்துவிடும். இதற்கு ஒரு நொடிகூட ஆகாது. டிம்மரில் மின்னழுத்தத்தைக் குறைத்தால் பாதிப் பால், கால் பால் என்று நிறுத்தலாம். அம்மா இதை 'திற', 'மூடு' என்றுதான் சொல்வார்.

நேராகப் பார்த்தால்தான் முழுத் தெளிவு. சாய்வாகப் பார்த்தால் லேசான புகைமூட்டம் இருக்கும், அது இந்த வகைக் கண்ணாடியின் இயல்பு. முதல் வாரம் அம்மா, "மரம் பனியில நிக்கிற மாதிரி இருக்குடா" என்றார். கண்ணாடியில் கோளாறு என்று கடைக்குப் போன் போட்டேன். கட்டிலைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி ஜன்னலுக்கு நேராகப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆர்டர் கொடுப்பதற்கு முன், எங்கே உட்கார்ந்து அல்லது படுத்துப் பார்க்கப்போகிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிய ஃபிலிம் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கீழ் விளிம்பில் முதலில் நூல் அளவுக்கு ஒரு கோடு, சுவிட்ச் போட்டாலும் தெளியாமல் பாலாகவே நின்றது. பிறகு அது விரல் அகலம் ஆனது. ஃபிலிமுக்கு மின்சாரம் கொண்டுவரும் செம்புப் பட்டை ஒட்டிய மூலையில் பழுப்புத் திட்டு விழுந்தது. 2021 கடைசியில் பாதி ஜன்னல் வேலை செய்யவில்லை, உரித்து எடுத்துவிட்டோம்.

ஃபிலிமின் இரு பக்கமும் மின்சாரத்தைக் கடத்தும் பூச்சு மிக மெல்லியது. வெட்டிய விளிம்பு திறந்திருந்தால் உப்பும் ஈரமும் அதன் வழியே நுழைந்து பூச்சை அரிக்கும். அரித்த இடத்துக்கு மின்சாரம் போகாது. அம்மா அறைக் கண்ணாடியில் ஃபிலிமைக் கண்ணாடியைவிடச் சுற்றிலும் ஒரு விரல் உள்ளே தள்ளி வெட்டி, அந்த இடைவெளியை ஈவிஏ என்ற ஒட்டும் பிளாஸ்டிக் கொண்டு நிரப்பியிருந்தார்கள். ஃபிலிமின் விளிம்பு வெளிக்காற்றையே பார்க்கவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகும், மின்கம்பி வெளியே வரும் மூலையில் மட்டும்தான் ஒரு நகக்கண் அளவு வெண்மை.

கார் கண்ணாடியில் ஒட்டுப் படலமாகப் போடும் பிவிபி இன்னும் உறுதியானது, அதைப் போட்டால் என்ன என்று கேட்டேன். பிவிபியை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல ஃபிலிமின் ஓரத்துக்குள் ஊறிக் கெடுத்துவிடும் என்றார் கடைக்காரர். அதைத் தாங்கும்படி செய்த ஃபிலிம் இல்லையென்றால் ஈவிஏதான் பாதுகாப்பு.

அவ்வளவு பார்த்துச் செய்த கண்ணாடியை ஃபிரேமில் மாட்ட வந்தவர் சாதாரண சிலிக்கான் பசையை எடுத்தார். காடி வாடை அடித்தது. அந்த வாடை அசிட்டிக் அமிலம்; செம்புப் பட்டைக்கும் ஓரத்துக்கும் அது எமன். நிறுத்தச் சொல்லி, அந்த அமிலம் வராத நியூட்ரல் சிலிக்கான் வாங்கிவரச் செய்தேன். யுபிவிசி பிளாஸ்டிக் ஃபிரேமின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கிறதா, கண்ணாடி ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விளிம்பு தண்ணீரில் ஊறினால் எந்த லேமினேஷனும் பிரியும். மாட்டியபின் இதையெல்லாம் திருத்த முடியாது. டஃப்பன்ட் கண்ணாடியை அரை அங்குலம்கூட வெட்ட முடியாது என்பதால் அளவும் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

வெயில் விஷயத்தில் நான் ஏமாந்தேன். மேற்குப் பார்த்த ஜன்னல். பாலாக இருந்தால் சூடு குறையும் என்று நம்பினேன். ஒளி சிதறுகிறதே தவிர, பெரும்பகுதி அறைக்குள்தான் வருகிறது. முதல் அக்னி நட்சத்திரத்திலேயே வெளியே மூங்கில் தட்டி கட்ட வேண்டியதாயிற்று. கண்ணாடியே கறுத்து வெயிலைத் தடுக்க வேண்டுமென்றால் அது எலக்ட்ரோகுரோமிக், வேறு சாதி. போயிங் 787 விமானத்தில் பட்டனை அழுத்தினால் ஜன்னல் மெல்ல நீலமாக இருளுமே, அந்த வகை. கட்டடங்களுக்கு வருவதில் பெரும்பாலும் டங்ஸ்டன் ஆக்ஸைடு பூச்சு இருக்கும். பெரிய கண்ணாடி முழுக்கக் கறுக்கப் பல நிமிடம் ஆகும், ஆனால் நிறம் மாறியபின் மின்சாரம் அநேகமாகத் தேவையில்லை. மறைவுக்கு அது உதவாது. நிழலுக்கு இது உதவாது.

எங்கள் பிடிஎல்சி கண்ணாடியில் தெளிவாக இருக்கும் நேரம் முழுக்க மின்சாரம் ஓட வேண்டும். செலவு ஒரு சின்ன எல்இடி பல்பு அளவுதான், பில்லில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கரண்ட் போனால் கண்ணாடி பாலாகிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவிலேயே தீர்ந்தது. இது திறக்க முடியாத ஜன்னல். தெருவில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்து சொன்னேன். படுத்திருப்பவர் அறையில் பக்கத்திலேயே சாதாரணக் கண்ணாடியில் ஒரு சிறு ஜன்னலாவது இருக்க வேண்டும். அடுத்த ஜனவரியில் அதையும் வைத்துவிட்டோம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கண்ணாடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் இரவெல்லாம் உறுமியது; வீட்டு மின்சாரம் மாதிரியே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாற்றியதும் அடங்கியது.

துடைப்பதற்கு ஈரத் துணி போதும். ஸ்பிரேயை ஓரத்தில் அடிக்க நான் விடுவதில்லை.

ஆறு வருடத்தில் டிரான்ஸ்பார்மரை ஒரு முறையும், சுவிட்சை இரண்டு முறையும் மாற்றினோம். கண்ணாடியை மாற்றவில்லை. வேலை அறை ஜன்னலுக்கும் இப்போது லேமினேட்டட் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், ஃபிலிம் ஓரத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து.