அசனச் சோறும் இஞ்சு டேப்பும்: எங்கள் சபை உடல்நலக் குழுவில் ஒன்றரை வருடம்

எங்கள் சபை உடல்நலக் குழுவுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மீதி ஒன்றரையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைத்தான் உங்கள் சபையிலும் இப்படி ஒன்று தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

இடம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லாரும் சொந்தக்காரர்கள், நாளைக்குக் கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரி 14, சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும் (காதலர் தினமும் அன்றைக்கே விழுந்ததால் வாலிபர் சங்கத்தில் பாதிப் பேரைக் காணோம்) ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓர் அறிவிப்பு செய்தார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தபசு நாட்களில் கறி விடுகிறோம், பூ விடுகிறோம், இந்த வருடம் சீனியையும் சோம்பலையும் விட்டுப் பார்ப்போமா என்று கேட்டார். கலிஃபோர்னியாவில் ரிக் வாரன் என்ற போதகரின் சாடில்பேக் சபை 2011இல் இப்படி ஒன்றை ஆரம்பித்து, சபையார் எல்லாரும் சேர்ந்து ஒரே வருடத்தில் இரண்டரை லட்சம் பவுண்டு எடை குறைத்ததாகச் சொல்லிக்கொள்கிறார்களாம், அதிலிருந்துதான் ஐயருக்கு யோசனை. அன்றைக்கே 43 பேர் பெயர் கொடுத்தோம். மாதம் 50 ரூபாய், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு.

தேவைதான். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சக்கரை நோய், அதாவது ஏழு பேரில் ஒருவர். எங்கள் கோயில் பெஞ்சில் ஏழு பேர்தான் உட்காரலாம், பெஞ்சுக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். குழுவில் எண்ணிப் பார்த்தால் அதை விட அதிகம்.

முதல் பத்து நாள் தானியேல் முறை. பாபிலோன் ராஜாவின் போஜனம் வேண்டாமென்று தானியேலும் கூட்டாளிகளும் பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கேட்டார்களே, அது. மூன்றாம் நாளே ஓர் அண்ணாச்சி, "பருப்பு முதலானன்னா வடையும் பருப்புதானே?" என்று கேட்டுவிட்டார். சிரித்தோம், ஆனால் பத்து நாளில் மிச்ச எட்டு நாளும் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வேதத்தில் உள்ளதை அப்படியே மெனுவாக மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். குழுவில் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் இது லெந்தோடு முடிந்திருக்கும். முதல் ஞாயிறு ஆராதனை விட்டதும் பி.பி. பார்த்தோம், கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஏறிக் கிடந்தது, ஒரே பீதி. அக்கா வந்து திட்டினார். பாட்டுப் பாடி, படியிறங்கி, சுடச்சுடக் காபியும் குடித்துவிட்டு நின்றபடி கையை நீட்டினால் ஏறாமல் என்ன செய்யும்? காபி குடித்து அரை மணி நேரம் ஆக வேண்டும், ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். அடுத்த வாரம் அதே மெஷினில் பாதிப் பேருக்குச் சரியாக வந்தது. அடுத்து அக்கா எடை மெஷினை ஓரங்கட்டிவிட்டுத் தையலுக்கான இஞ்சு டேப்பை எடுத்தார்: நம் ஆட்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் கவனம். ஒல்லியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த தொப்பைக்காரர்கள் அன்றைக்கு மாட்டினார்கள். நானும்தான், 97.

இன்னொரு நாள் எல்லாரும் சாப்பிடும் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிற மாத்திரை, இரண்டு மாதத்து அட்டை அப்படியே பிரிக்காமல் பை பையாக வந்தது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிட்டவர்கள்தான் அதிகம்.

நடை. கோயில் பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் அதிலேயே வந்துவிடுகிறது. சேலையோடும் ரப்பர் செருப்போடும் நடக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்தார்தான் இன்றுவரை விடாமல் வருகிறார்கள், ஷூ வாங்கி வந்த ஆண்கள் ஷூவோடு நின்றுவிட்டார்கள். ஜிம்முக்குப் பணம் கட்டி ஏமாந்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரு நாள் வராவிட்டால் ராத்திரிக்குள் வீட்டு வாசலில் "என்ன, மேலுக்குச் சுகமில்லையா?" என்று கேட்க ஆள் வருவது எந்த ஜிம்மிலும் கிடைக்காது. மூன்றரையில் இரண்டு மதிப்பெண் இதற்கே.

சரி, இப்போது குறைகள். கருப்பட்டிச் சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்: சீனிக்குப் பதில் கருப்பட்டிக் காபி என்று குழுவே முடிவெடுத்து, பனங்காட்டுக்காரர்கள் என்ற பெருமையில் இரட்டிப்பாகக் குடித்தோம். கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், சக்கரை ஏறத்தான் செய்யும். இதைச் சொன்ன நர்ஸ் அக்காவுடன் இரண்டு பேர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

பெரிய குறை உபவாச ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் உடல்நலக் குழு கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சக்கரைக்குக் காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்த ஒரு சித்தி, பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, பேச்சுக் குழறிச் சாய்ந்தார். ஆவியில் நிறைந்துவிட்டார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் உரக்க ஜெபித்தார்கள்! நல்லவேளை, நர்ஸ் அக்கா கூட்டத்தை விலக்கிச் சுகர் பார்த்தால் 54. நினைவு இருந்ததால், விழுங்க முடிந்ததால், மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, தெளிந்த பிறகு இட்லி. இன்சுலினும், கணையத்தைத் தூண்டுகிற சில வகை மாத்திரைகளும் வெறும் வயிற்றில் இப்படித்தான் சக்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். இப்போது விதி இருக்கிறது: மருந்து சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது, ஜெபத்தில் சுகம் கிடைத்தது என்று யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இந்த விதியை முதல் நாளே நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஒரு மதிப்பெண் இதற்குக் குறைத்தேன்.

அரை மதிப்பெண் சாட்சிக்காக. எடை குறைந்தவர்களை மைக்கில் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தார்கள், எட்டு கிலோ, ஐந்து கிலோ என்று கைதட்டல். தைராய்டு உள்ள ஒரு பெண்ணுக்கு நாலு மாதத்தில் அரை கிலோகூட இறங்கவில்லை. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியினுடைய ஆலயம் என்கிற வசனத்தை வைத்து அந்த வாரம் வெளியூரிலிருந்து வந்தவர் ஒரு பிரசங்கம் செய்தார், பெருந்தீனிக்காரர் ஆலயத்தை அசுத்தப்படுத்துகிறார் என்ற அளவுக்குப் போனது. அந்தப் பெண் குழுவுக்கு வருவதை நிறுத்தினார், அப்புறம் ஆராதனைக்கு வருவதையும். 43 பேரில் இப்போது 19 பேர் இருக்கிறோம், போனவர்களில் சோம்பேறிகளை விட இப்படிக் கூசிப் போனவர்களே அதிகம் என்பது என் எண்ணம். ஐயரம்மா இப்போது அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவரோடு தனியாக நடக்கிறார், குழுவில் அளவுகள் அவரவர் நோட்டில் மட்டும்.

தொடங்குகிறவர்கள் செலவுக்குப் பயப்பட வேண்டாம், கைப்பட்டை வைத்த பி.பி. மெஷின், சுகர் மெஷின், இரண்டு இஞ்சு டேப், ஒரு நோட்டு போதும். ஆனால் கோயில் டீ மேசையில் கை வைக்கத் துணிவு வேண்டும். ஆராதனைக்கு அப்புறம் க்ரீம் பிஸ்கட்டை எடுத்துவிட்டு அவித்த பயறு வைக்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது, பிஸ்கட் வாங்கித் தருகிறவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்.

அசனத்தில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். வருடத்துக்கு ஒருநாள் ஊரே ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனசில்லை, கேட்டது ஒரே ஒரு கீரைக் கூட்டு. "கறிக்குழம்புக்குப் பக்கத்துல கீரையா, யாருவே திம்பா?" என்றார் சமையல் அண்ணாச்சி, கெஞ்சினதால் ஓர் அண்டா வைத்தார். பந்தியில் நானே பரிமாறினேன், பாதி இலைகளில் கை குறுக்கே வந்து தடுத்தது. மிச்சக் கீரையை வாளியில் ஊற்றி என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார், இரண்டு நாள் மூன்று வேளையும் அதுதான். இடுப்பு இப்போது 92.