பிரேக்குக்குச் சூடு ஆகாது, டிபிஎஃப்புக்குச் சூடு வேண்டும்: பிஎஸ்6 டீசல் காரோடு ஐந்து வருடம்

2020 கடைசியில் வாங்கிய டீசல் கார். 70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மைலேஜ், ஏசி எல்லாம் திருப்திதான். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது இரண்டு பாகங்களைப் பற்றி.

முதல் வருடம் வண்டி பெரும்பாலும் மதுரைக்குள், பசுமலைக்கும் சிம்மக்கல்லுக்கும் இடையில்தான் ஓடியது. பழங்காநத்தம் வந்தாலே இரண்டாம் கியர். பத்தாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. டிபிஎஃப் அடைத்துக்கொண்டிருந்தது. சைலன்சர் பாதையில் இருக்கும் வடிகட்டி அது. டீசல் புகையின் கரித்தூளை நுண்துளைச் சுவர்களில் பிடித்து வைக்கும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துவிட வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. என் சின்னச் சின்ன ஓட்டத்தில் அந்தச் சூடு எங்கே வரும்? எரிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் வீடு வந்து எஞ்சினை அணைத்துவிடுவேன். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கி, அதன் அளவும் ஏறியிருந்தது.

மெக்கானிக் அண்ணன் ஆயிலை மாற்றிவிட்டு, "விருதுநகர் வரைக்கும் ஒரே ஓட்டமா போயிட்டு வாங்க தம்பி" என்றார். கப்பலூர் டோல் தாண்டி நாலு வழிச்சாலையில் சீரான வேகத்தில் போனேன்; திரும்பி வருவதற்குள் விளக்கு அணைந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்படி ஓட்டுகிறேன். வடிகட்டியையே கழற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கரி பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும்.

பிரேக் விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. மூன்றாவது வருடம் கொடைக்கானலிலிருந்து குடும்பத்தோடு வத்தலக்குண்டு நோக்கி இறங்கினோம். மூன்றாம் கியர், பிரேக் மேலேயே கால். டம்டம் பாறை நெருங்கும்போது தீய்ந்த வாடை. மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை மெல்ல இழுத்து ஓரங்கட்டினேன். மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேயவில்லை. மூன்று வருடமாக மாற்றாத பிரேக் ஆயில்தான் காரணம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு வெறும் 155. பிரேக் சூட்டில் ஆயில் கொதித்தால் குமிழி வரும். மிதிக்கிற அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், டிஸ்க்கைப் பிடிக்காது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். போன மாதம் அதே இறக்கத்தில் முழுக்க இரண்டாம் கியர்தான்; வேகத்தை எஞ்சினே இழுத்துப் பிடித்தது. டம்டம் பாறையில் நிறுத்திச் சக்கரத்தருகே குனிந்தேன். வாடையே இல்லை.