கேட்டில் நிறுத்தப்பட்டவருக்குச் சமரச மேசை: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டை தோல் ஷெட்டிலோ "நாளையிலிருந்து வராதே" என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டால், முதலில் போகவேண்டிய இடம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சங்கத்தில் இல்லாத தனி ஆளும் மனு கொடுக்கலாம். எந்த அலுவலகம் என்பதைக் கம்பெனி இருக்கும் இடம் தீர்மானிக்கும்; உங்கள் வீடு குடியாத்தத்தில் இருப்பது கணக்கில் வராது.

ஆனால் அங்கே தீர்ப்பு கிடைக்காது. அலுவலர் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார். "வேலை கொடு" என்று உத்தரவு போட அவருக்கு அதிகாரமில்லை. இது தெரியாமல் போகிறவர்கள்தான் மூன்றாவது வாய்தாவிலேயே சலித்து விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சேவையின் மதிப்பு, கொடுத்த மனுவுக்கு அத்தாட்சியாகச் சீல் வைத்துத் தரும் நகலிலும் நாள்கணக்கிலும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழில் உறவுகள் தொகுப்பு என்ற மத்திய சட்டத்தில் சமரசத்துக்கு 45 நாள் கெடு. பேச்சு முறிந்தால், முறிவு அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் நீக்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு ஆண்டு தாண்டினால் சமரசத்துக்கே எடுக்கமாட்டார்கள்.

நிர்வாகத்தின் வழக்கமான பதில் ஒன்றுதான்: "நாங்கள் நீக்கவில்லை, அவரே வருவதில்லை." அதை உடைக்க, நிறுத்திய அன்றே "வேலைக்கு வந்தேன், இத்தனை மணிக்கு கேட்டில் தடுத்தார்கள், வேலை செய்யத் தயார்" என்று நான்கு வரி எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மனுவோடு சேர்க்க வேண்டும். பி.எப். பாஸ்புக்கும் இ.எஸ்.ஐ. அட்டையும் துணைக்கு வரும். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கப் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்; அந்தக் கணக்கில் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் சேரும்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து உள்விசாரணை வைத்தால், கோபத்தில் போகாமல் இருப்பதுதான் பெரிய தவறு, ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். போய், ஆட்சேபணையை எழுத்தில் பதியுங்கள். ஆவண நகல், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, விசாரணை அறிக்கையின் நகல்: எது மறுக்கப்பட்டது என்று தேதியோடு குறியுங்கள். புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்திருந்தால் அதையும். ஒரு எச்சரிக்கை: விசாரணை பழுது என்றாலே வேலை திரும்பக் கிடைத்துவிடாது. நிர்வாகம் கேட்டுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்க அதற்கு வாய்ப்புண்டு. தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருந்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதன்பின், தாமதம் உங்களால் வந்ததல்ல என்றால், 75 சதவீதம்.

மேசையில் பெரும்பாலும் பணம்தான் பேசப்படும். ஆட்குறைப்பு என்றால், மாதச் சம்பளம் 12,000 ரூபாய், ஏழு ஆண்டு சர்வீஸுக்கு இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் வீதம் 42,000. நோட்டீஸ் தரவில்லையென்றால் இன்னொரு 12,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) வேறு, அதற்கும் ஆண்டுக்கு 15 நாள்தான், ஆனால் ஒரு நாள் சம்பளம் காண மாதச் சம்பளத்தை 30-க்குப் பதில் 26-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 48,460. மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டும். "எல்லாம் சேர்த்து 30,000" என்று நீட்டப்படும் காகிதத்தில் ராஜினாமா என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இழப்பீட்டுக் கேள்வியே எழாது.

வேலூர் லாங் பஜார் போன்ற கடைத்தெரு ஊழியர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 41-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள்தான்; சமரசத்தை நம்பிக் காத்திருந்தால் அது போய்விடும்.

பேச்சில் நிர்வாகம் திடீரென்று இறங்கிவந்து "திங்கட்கிழமை வந்து சேரட்டும்" என்றால் உடனே கை குலுக்க வேண்டாம். பழைய சர்வீஸ் தொடருமா, இடைப்பட்ட நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அதே பிரிவில் அதே வேலையா: மூன்றும் அலுவலர் முன்பு எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வரவேண்டும். வாய்வார்த்தையில் போனவரைப் புது ஆளாகச் சேர்த்து, ஏழு ஆண்டை அழித்துவிட முடியும்.