கொடை வீடியோவும் ஹார்ட் டிஸ்க்கும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

டிஸ்க்கின் மேல் 7200 ஆர்.பி.எம். (தகடு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும்) என்று ஒட்டியிருந்தால் போதும், வேகமானது என்று நம்பி வாங்கிப்போகிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் மாறவில்லை. கடைக்காரர்களும் அந்த ஓர் எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அது பொய்யான எண் இல்லை. ஆனால் வீட்டுக் கணினியின் வேகத்தில் அதன் பங்கு நாம் நினைப்பதைவிட மிகவும் குறைவு.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கணினிக்கு முக்கிய வேலை, சுற்றுவட்டாரக் கோயில் கொடைகளில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களில், பிடித்துவரும் வில்லுப்பாட்டைத் தொகுப்பது. ஒரு கேமரா பாடுகிறவர் முகத்தில், இன்னொன்று குடம் அடிப்பவரின் கையில். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் 4கே வீடியோ எடுத்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜி.பி. ஆகும். சுடலைமாடன் கதை விடிய விடிய நடந்தால் இரண்டு கேமராவும் சேர்ந்து அரை டி.பி.யை விழுங்கிவிடும்.

கணக்குப்படி பார்த்தால் இது ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய சுமையே அல்ல. இரண்டு வீடியோவையும் ஒன்றாக ஓட்ட நொடிக்கு 25 எம்.பி. படித்தால் போதும். இன்றைய சாதாரண டிஸ்க்கே 150 எம்.பி.க்கு மேல் தரும். பிறகு ஏன் படம் திக்கித் திக்கி ஓடுகிறது? டிஸ்க்குக்குள் படிக்கும் முனை ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பதால்தான். 7200 சுற்று டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, 4.2. 5400 சுற்று என்றால் 5.6. முனை நகர்வதற்கு இரண்டிலுமே கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட் தனியாகப் போகும். ஆக, 7200 வாங்கியதால் ஒரு தாவலில் மிச்சமாவது ஒன்றரை மில்லிசெகண்டுக்கும் குறைவு. நொடிக்கு எண்பதுக்குப் பக்கமாகத் தாவ முடிந்தால் அதுவே பெரிது. சுழலும் தகடே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் இந்த எண் பல்லாயிரங்களில் இருக்கிறது. 2003-இல் 10,000 சுற்றில் ஓடும் ராப்டர் டிஸ்க் வந்தபோது விளையாட்டுப் பிரியர்கள் அதைக் கொண்டாடினார்கள். எஸ்.எஸ்.டி. விலை இறங்கியதும் அந்த வகையே சந்தையை விட்டுப் போய்விட்டது.

என் ஏற்பாடு இதுதான். விண்டோஸ், தொகுப்பு மென்பொருள், அதன் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் சாட்டா எஸ்.எஸ்.டி.யில் (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் மாட்டுவது). கேமராவிலிருந்து வந்த வீடியோக்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில். முடிந்த வீடியோவை எழுதுவது வேறொரு டிஸ்க்கில். படிப்பதும் எழுதுவதும் ஒரே டிஸ்க்கில் நடக்காமல் பிரித்ததும் திக்கல் நின்றது. என் மதர்போர்டு பழையது, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. போடும் இடம் இல்லை. அதற்காக வருந்தவும் இல்லை. 550 எம்.பி. தரும் சாட்டா எஸ்.எஸ்.டி.க்கும் 3,500 தரும் என்.வி.எம்.இ.க்கும் உள்ள வித்தியாசம் பெரிய கோப்புகளைக் காப்பி செய்யும்போது தெரியும். விண்டோஸ் திறக்கிற நேரத்தில் அவ்வளவாகத் தெரியாது.

இனி எரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். இடம் போதாமல் 2 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்கினேன். 7200 சுற்று, 256 எம்.பி. கேஷ் (டிஸ்க்குக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம்) என்று கேட்கவே நன்றாக இருந்தது. ஒரு கொடையின் வீடியோக்களை அதில் ஏற்றத் தொடங்கியதும் 180 எம்.பி. வேகத்தில் அம்சமாகப் போனது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், காப்பி ஆவதைக் காட்டும் பச்சை வரைபடம் சரேலென்று விழுந்து 30-இல் கிடக்கிறது. இடையிடையே சுழியத்தைத் தொட்டுவிட்டு ஏறுகிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், ஒரு பயனும் இல்லை. கடையில் கேட்டால், “அண்ணாச்சி, எல்லா டிஸ்க்கும் இப்படித்தான், கொஞ்சம் பொறுங்கள்” என்றார்.

எல்லா டிஸ்க்கும் அப்படியில்லை. அது எஸ்.எம்.ஆர். வகை. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி நிற்கும்படி எழுதுவார்கள். அதனால் அதே தகட்டில் அதிகம் அடங்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதை ஒட்டிய தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். முதலில் வரும் கோப்புகளைத் தனியாக ஒதுக்கிய இடத்தில் வேகமாக வாங்கிப்போட்டுச் சமாளிக்கும். அந்த இடம் நிறைந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பழைய முறைக்குச் சி.எம்.ஆர். என்று பெயர். 2020-இல் இது பெரிய சர்ச்சையான பிறகுதான் டபிள்யூ.டி., சீகேட், தோஷிபா மூன்றும் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டன. டிஸ்க் பெட்டியில் இன்றும் பெரும்பாலும் இந்த விவரம் இருப்பதில்லை. மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். சிறிய டிஸ்க்கில் 256 எம்.பி. கேஷ் என்றால் எனக்கு இப்போது சந்தேகம்தான் முதலில் வருகிறது. என்னிடம் நெடுநாளாக உழைக்கும் 1 டி.பி. டபிள்யூ.டி. ப்ளூவில் கேஷ் 64 எம்.பி. மட்டுமே. சி.எம்.ஆர். என்பதால் கடைசி ஜி.பி. வரைக்கும் இப்படிச் சரேலென்று விழாமல் எழுதுகிறது.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தகட்டின் வெளி விளிம்பில்தான் வேகம் அதிகம். டிஸ்க் நிரம்பி உள் வட்டத்துக்குப் போகப் போக வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எனவே டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து, நடப்பு வேலைக்கு முதல் பார்ட்டிஷன், முடிந்த வேலைகளுக்குக் கடைசிப் பார்ட்டிஷன்.

நம் ஊர்க் கடைகளில் சிசிடிவிக்கான டிஸ்க்குகளையே வீட்டுக் கணினிக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பர்பிள், ஸ்கைஹாக் போன்றவை பெரும்பாலும் சி.எம்.ஆர்.தான், வீடியோவைச் சேர்த்துவைக்கத் தாராளமாகப் போதும். விண்டோஸைப் போட மட்டும் கூடாது. எந்த டிஸ்க்கானாலும் வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், அது ஓடிய மணிநேரத்தைப் பார்த்துவிடுங்கள். புதியது என்று விற்கப்படும் பழையதை அது காட்டிக்கொடுக்கும்.

வெயிலையும் கரண்டையும் சொல்லாமல் இருக்க முடியாது. கத்திரி வெயிலில் என் டிஸ்க்குகள் 50 டிகிரியைத் தாண்டின. கேபினெட்டின் முன்பக்கம் ஒரு ஃபேன் போட்டதும் அடங்கின. ஆனி, ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் உரசிக் கரண்ட் போய்ப் போய் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெடும். அதனால் யு.பி.எஸ். இல்லாமல் நான் கணினியைத் தொடுவதில்லை.

இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டு 0 போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று நண்பர்கள் ஆசை காட்டினார்கள். அதில் ஒவ்வொரு கோப்பும் இரண்டு டிஸ்க்கிலும் துண்டாகப் பிரிந்து கிடப்பதால், ஒன்று போனால் இரண்டிலும் உள்ளது போய்விடும். வில்லுப்பாட்டுக் குழுவை மறுபடி உட்காரவைத்து அதே இரவைப் பாடச்சொல்ல முடியுமா? வாரண்டியில் டிஸ்க்கைத்தான் மாற்றித் தருவார்கள். ஆகவே அந்த எஸ்.எம்.ஆர். டிஸ்க்கை விற்காமல் இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொண்டேன். கொடைக் காலம் முடிந்ததும் ஒரு முறை எழுதி, அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டில் கொடுத்துவைக்கிறேன். இரவெல்லாம் ஊர்ந்து எழுதினாலும் அந்த வேலைக்கு அது போதும்.