சட்டமன்றமா, நீதிமன்றமா?

சட்டம் படித்துவிட்டு ஒருபாலீர்ப்பாளர் உரிமைக்காக உழைக்க நினைப்பவர்கள் தயங்குவது இங்கேதான். அமெரிக்காவின் பார்னி ஃபிராங்க், எவன் வுல்ஃப்சன் இருவருமே ஹார்வர்டில் சட்டம் பயின்றவர்கள். ஃபிராங்க் சென்றது சட்டமன்ற வழி, வுல்ஃப்சன் சென்றது நீதிமன்ற வழி.

விலை: ஃபிராங்க் 1981 முதல் 2013 வரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர், தான் ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படுத்தியது 1987இல்தான். வழக்கறிஞர் வுல்ஃப்சனுக்கு ஓட்டுக் கவலை இல்லை.

காலம்: ஒருபாலீர்ப்பாளர் திருமண உரிமை பற்றி வுல்ஃப்சன் ஆய்வுரை எழுதியது 1983, நாடு முழுவதற்குமான தீர்ப்பு 2015. 32 ஆண்டுகள்!

உறுதி: இரண்டுமே சறுக்கும். ஹவாய் மாநிலத்தில் 1993இல் கிடைத்த சாதகமான தீர்ப்பை 1998இல் அரசியல் சட்டத் திருத்தம் முடக்கியது. 2007இல் ஃபிராங்க் கொண்டுவந்த வேலைப் பாகுபாட்டுத் தடை மசோதா, திருநர்களைக் கைவிட்ட பிறகும் மேலவையான செனட்டைத் தாண்டவில்லை. அந்தச் சமரசம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பேரம் பேசத் தெரிந்தவருக்குச் சட்டமன்றம்; தோற்றாலும் மறுபடி மனு எழுதும் பிடிவாதக்காரருக்கு நீதிமன்றம்.