ரேஞ்ச் கூட்டித் தருகிறோம் என்றால் பேட்டரியைக் கொடுத்துவிடாதீர்கள்

38,500 ரூபாயும் ஒரு நல்ல பேட்டரியும் போய்விட்டன. மின்சார பைக் வைத்திருக்கும் இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உடுமலையில் வீடு, பொள்ளாச்சியில் வேலை. போக வர 62 கிலோமீட்டர். 2023 பிப்ரவரியில் பைக் எடுத்தேன். 72 வோல்ட், 45 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், விளம்பரத்தில் 150 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். அது ஐடிசி என்ற சோதனையில் எடுத்த கணக்கு. வண்டியை உருளை மேல் நிறுத்தி, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. அங்கே எதிர்காற்று இல்லை, பின்சீட்டில் ஆள் இல்லை. எனக்கு நடைமுறையில் 90 வரை கிடைத்தது. அது போதும் என்றுதான் இரண்டு வருடம் ஓட்டினேன்.

எங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து நேராக வரும். காலையில் பொள்ளாச்சிக்குப் போகும்போது முழுக்க எதிர்காற்று. வண்டி 60-ல் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், வண்டி கிழிக்க வேண்டியது 80-ன் காற்றை. வேகம் ஏறினால் காற்றின் தடை அதன் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆக ஒன்றேமுக்கால் மடங்கு இழுவை. சாயங்காலம் அதே காற்று முதுகில் தள்ளும்தான், ஆனால் காலையில் போன சார்ஜ் முழுதாகத் திரும்பி வராது. 2025 ஜூலையில் வீடு வந்து சேரும்போது பேட்டரியில் 15 சதவீதம்தான் நின்றது. நான் பயந்துவிட்டேன். பேட்டரி இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன்.

அப்போதுதான் கோவையில் ஒரு பேட்டரி ஒர்க்‌ஷாப்பைப் பற்றிக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். அந்தத் தம்பி மீட்டரை வைத்து ஏதோ அளந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, செல் எல்லாம் வீக் ஆயிடுச்சுங்க. உங்களுது 45 ஏஎச் தானுங்க. அதே சைசுல 60 போட்டுத் தர்றேன். புது செல்லுங்க. 120 கண்ணை மூடிட்டுப் போகுமுங்க." பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சாக எடுத்துக்கொண்டு 38,500 வாங்கினார். பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் 'பேட்டரி சர்வீஸ்' என்று எழுதி, தொகையைப் போட்டுக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, பேட்டரிக்கு சீரியல் எண் இல்லை. அந்தச் சீட்டைப் பார்த்ததுமே நான் திரும்பியிருக்க வேண்டும்.

நான்காம் நாள் சாயங்காலம், உடுமலைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். டிஸ்ப்ளேயில் 31 சதவீதம் காட்டியது. ஒரு லாரியை முந்த ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். 31 ஒரே மூச்சில் 9 ஆனது, அடுத்த நொடி வண்டி அணைந்துவிட்டது. லாரிக்குப் பக்கவாட்டில், சாலை நடுவில், விளக்கும் இல்லாமல் நின்றேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் பிடித்தார், பிழைத்தேன். ஏதாவது ஒரு வரிசை செல் பலவீனமாக இருந்தால், இழுவை கூடும்போது அதன் வோல்டேஜ் சட்டென்று விழும். பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

போன் செய்தேன். "நாலு தடவை சார்ஜ் ஏறி இறங்கினா செட் ஆயிடுமுங்கண்ணா" என்றார். நான்கு தடவை ஆனது. "நீங்க வேகமா ஓட்டறீங்க" என்றார். அதன் பிறகு போனை எடுப்பதே இல்லை.

ஒரு ராத்திரி மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போட்டிருந்தேன். பதினோரு மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, இந்த மூலை மட்டும் இப்படிக் கொதிக்குது?" கை வைத்தேன், வைத்தபடி இருக்க முடியவில்லை. மற்ற மூன்று மூலையும் வெதுவெதுப்புத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வண்டியைத் தெருவில் தள்ளி நிறுத்தினேன். விடியும்வரை இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்த வருடம் நடந்த தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்புச் சோதனை விதிகளை மத்திய அரசு இறுக்கியது. 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் இறுதியில் இன்னொரு கட்டம். ஒர்க்‌ஷாப் மேசையில் கட்டிய பேட்டரி அந்தச் சோதனை எதையும் பார்த்ததில்லை. அதைத்தான் நான் குழந்தை தூங்கும் வீட்டுக்குள் வைத்திருந்தேன்.

பிளக்கில் சொருகும் யூனிட் மீட்டர் ஒன்று வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள்தான். இதை முதலிலேயே வாங்கியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. கணக்கு எளிது. வோல்ட்டை ஏஎச்சால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வரும். 72 × 60 என்றால் 4.32 யூனிட். சார்ஜரில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சூடாகப் போகும், ஆக காலி பேட்டரி நிறைய சுவரிலிருந்து ஐந்து யூனிட்டுக்குப் பக்கத்தில் இழுக்க வேண்டும். பட்டப்பகலில், வாசலில், பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பார்த்தேன். 2.65 யூனிட்டில் நிறைந்து நின்றது. அதாவது பேட்டரிக்குள் 2.3 சொச்சம். 60 என்று விற்றது 32 ஏஎச் கூட முழுசாகத் தேறுமோ என்னவோ. என் பழைய பேட்டரி புதிதில் 3.24.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பெட்டியைத் திறந்தார். 20 வரிசை, வரிசைக்கு 18 செல். ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன 2.5 ஏஎச் செல்லில் 60 வர வேண்டுமானால் வரிசைக்கு 24 இருக்க வேண்டும். ஒரு செல்லின் பச்சை உறையைப் பிளேடால் கீறினார். அடியில் இன்னொரு உறை, சாயம் போன நீலம். தலைப்பகுதியில் பழைய வெல்டிங் புள்ளிகளைத் தேய்த்துவிட்டு, பக்கத்திலேயே புதிதாக வெல்டிங் வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ கழற்றிய பழைய செல்களுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு இதைவிட வலித்தது வேறு. பெட்டியைத் திறக்கும் முன்பே அவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். பின்சக்கரம் அரைச்சுற்றில் நின்றது. பிரேக் உரசிக்கொண்டிருந்தது. டயரில் 32 இருக்க வேண்டிய காற்று 21. இரண்டையும் சரிசெய்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மறுநாள் 45-க்கு மேல் போகாமல் ஓட்டிப் பார்த்தேன். அந்த மட்டமான பேட்டரியே 62 கிலோமீட்டரும் ஓடி வீட்டுக்கு வந்துவிட்டது. அப்படியானால் என் பழைய பேட்டரிக்கு என்ன குறை இருந்தது? ஒன்றும் இல்லை. காற்றுப் பிடித்து, பிரேக்கைத் தளர்த்தி, ஆடி மாதம் மட்டும் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருந்தால் போதும். அதற்கு ஐம்பது ரூபாய் கூட ஆகியிருக்காது.

உங்கள் வண்டியில் ரேஞ்ச் குறைந்தால் முதலில் டயர், பிரேக், வேகம் மூன்றையும் பாருங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் யூனிட் மீட்டரை வைத்து அளந்து, அந்த எண்ணோடு கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள். எனக்கு மூன்று வருட வாரண்டி இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. இப்போது போய்க் கேட்டால், அவர்கள் பேட்டரியே வண்டியில் இல்லை என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய யுபிஐ விவரம், மீட்டர் படம், திறந்த பெட்டியின் வீடியோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். பதில் சரியாக வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. எக்ஸ்சேஞ்ச் என்று வாங்கிய என் பேட்டரியை யாருக்காவது விற்றிருப்பார்கள். அதன் கைப்பிடிக்குப் பக்கத்தில் என் மகள் மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள், பிய்த்தாலும் பசைத் தடம் போகாது. 2025 ஆகஸ்டுக்குப் பிறகு கோவைப் பக்கம் 72 வோல்ட் பழைய பேட்டரி வாங்கியவர்கள் அந்த இடத்தை ஒரு தடவை பாருங்கள். தடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன். யார் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நீங்கள் சொன்னால் என் புகாருக்குப் பலம்.