ஸ்லிப்-ஆன் சைலன்சர் வாரண்டி: கோவை கடை, ஊட்டி வண்டி

பைக்குக்கு ஸ்லிப்-ஆன் சைலன்சர் (இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப்பை அப்படியே விட்டு, பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றுவது) விற்கும் கடை கோவையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். ஒரு வருட வாரண்டி என்று பில்லிலேயே அடித்துத் தருகிறார்கள். வெல்டிங் விட்டால் மாற்றியும் தருகிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் உள்ளே சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சான கிளாஸ் வுல்லுக்கு வாரண்டி கிடையாது என்பதை விற்கும்போது வாய் திறந்து சொல்வதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜின் பிரேக்கிலேயே இறங்குகிற வண்டியில் முதலில் கருகிப் பறப்பது அந்தப் பஞ்சுதான்.

இறக்கத்தில் பட்பட்டென்று வெடித்தால் 'டியூனிங் கோளாறு' என்று கைகழுவப் பார்ப்பார்கள். பாதி நேரம் பெண்ட் பைப் ஜாயின்ட்டில் லீக் இருக்கும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் பைப்புக்குள் பற்றுகிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்து, வால் பக்கத்தைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். லீக் பழசானால் அங்கே கரிக்கோடும் விழுந்திருக்கும். அதை வீடியோ எடுத்து அனுப்பினால் மறுபேச்சு வராது.

சைலன்சரை வண்டியோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் வெல்டிங் விரிந்தால் 'வண்டி விழுந்திருக்கு' என்பார்கள். கழற்றும் முன்பே விரிசல், சீரியல் நம்பர், கீறல் இல்லாத பக்கவாட்டு ஆகிய மூன்றையும் படம் எடுத்துவிட வேண்டும். உள்ளூர் பட்டறையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தாலும் வாரண்டி போச்சு. சத்தத்தைக் குறைக்க வால் பக்கம் செருகியிருக்கும் டிபி கில்லரைக் கழற்றியிருந்தாலும் அதே கதி. சத்தத்துக்குப் போலீஸ் பிடித்தால் அது தனிச் செலவு. பைப் நீலம் பூப்பதும், குளிர்காலக் காலையில் துளை வழியே தண்ணீர் சொட்டுவதும் பழுதே அல்ல, அதற்கெல்லாம் பார்சல் போட வேண்டாம்.

பார்சல் கூலி போக வர நம் தலையில். மாற்றுச் சைலன்சரோடு கேஸ்கெட் (ஜாயின்ட்டில் லீக் வராமல் அடைக்கும் வளையம்) வராது. நசுங்கிய பழையதைத் திரும்பப் போட்டால் லீக் நிச்சயம், புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, பிறகு இன்ஜின் பக்கம், அடுத்து கிளாம்ப், கடைசியில் பிராக்கெட் என்று முடுக்க வேண்டும். பிராக்கெட் ஓட்டை தானாக நேர்கோட்டில் வராமல் இழுத்துப் பிடித்து மாட்டினால், அந்த இழுவிசையே புது வெல்டிங்கையும் பிளக்கும். இந்தக் கடை அனுப்பும் விளக்கத்தாளில் இந்த வரிசையே இல்லை. மாற்று கேட்டு வருகிற பாதி சைலன்சருக்கு அதுதான் காரணமாக இருக்கும். ஒருமுறை சூடாகி ஆறியதும் இன்னொரு முறை முடுக்கிவிடுங்கள்.

மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால், கடை கோவையில் இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.